சிங்காரி தேர்ந்தெடுத்த விளக்கு

ஒரு கடல்நீர்த் தொட்டியில் சிங்காரி என்ற கோமாளி மீனும் ஒரு பவளமும் குடியிருந்தன. பழைய விளக்கு பழுதாகிவிட்டதால், வீட்டுக்காரர் கடையிலிருந்து இரண்டு எல்இடி விளக்குகளைக் கொண்டுவந்து, நாளுக்கு ஒன்றாக மாட்டிப் பார்த்தார்.

முதல் நாள் எரிந்தது சாதாரண நீல விளக்கு. இரண்டாம் நாள் விளக்கோ ஏழு நிறத்தில் மின்னியது. அதில் சிங்காரியின் ஆரஞ்சு உடம்பு தகதகத்தது. சந்தோஷத்தில் அது குட்டிக்கரணம் போட்டது.

"மீனுக்கு இதுதான் பிடிச்சிருக்கு. விலை ரெண்டு மடங்கு, என்ன செய்ய!" என்றார் வீட்டுக்காரர்.

"அடியே, ஆடாதே," என்றது பவளம். "எனக்கு வெளிச்சம்தான் சோறு. இந்த மினுக்கில் சத்தே இல்லை. நேற்று அந்த நீல விளக்கில்தான் எனக்கு வயிறு நிறைந்தது."

"அந்த மலிவு விளக்கா? அதில் நான் கருவாடு மாதிரி இருப்பேனே!"

பவளத்தின் ஓரமெல்லாம் வெளுத்திருப்பதைச் சிங்காரி அப்போதுதான் கவனித்தது. அதற்குப் பிறகு ஆட்டம் வரவில்லை.

மறுநாள் வீட்டுக்காரர், விலையை நினைத்து, எதற்கும் இன்னொரு முறை பார்ப்போம் என்று இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டார். ஏழு நிறம் மின்னியபோது சிங்காரி கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. நீல விளக்கு எரிந்ததும் வெளியே வந்து, மூச்சு வாங்கும்வரை ஆடியது.

"அட, மலிவானதுதான் பிடிக்குதா!" வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே அதையே மாட்டினார்.

சில மாதங்களில் பவளம் பச்சைப் பசேலென்று விரிந்தது. வந்தவர்கள் எல்லோரும் அதையே பார்த்தார்கள். சிங்காரிக்கு முதலில் கொஞ்சம் வருத்தம்தான். பிறகு அதுவும் திரும்பி, பவளத்தைப் பார்க்க ஆரம்பித்தது.