ஓரத்து ஆட்டக்காரன்

"என்ரை தம்பியை ஏன் ஓரத்திலை தள்ளி விட்டிருக்கிறியள் எண்டு எனக்கு இண்டைக்குத் தெரியவேணும்."

ரஜனி கைப்பையைப் புல்லில் போட்டுவிட்டுக் கணேஸ்வரனுக்கு முன்னால் போய் நின்றாள்.

தெற்கு லண்டன் பூங்காவில், நான்கு பகுதிகளாக ஆடப்படும் ஆஸ்திரேலியன் ஃபுட்பால் ஆட்டத்தின் முதல் பகுதி ஓடிக்கொண்டிருந்தது. கணேஸ்வரன்தான் பயிற்சியாளர். மலேசியத் தமிழர். மெல்போர்னில் படித்த காலத்தில் இந்த விளையாட்டில் விழுந்தவர். இப்போது கிங்ஸ்பரியில் வீடு, எஞ்சினியர் வேலை, சனிக்கிழமையானால் இந்த அணி.

"ஆட்டம் நடக்குதும்மா. இடைவேளையில பேசலாமா?"

"இல்லை அண்ணை. இப்பவே சொல்லுங்கோ."

அவளுடைய கோபத்துக்குக் காரணம் இருந்தது. தம்பி பிரதாபன், வேலையிடத்து ஆஸ்திரேலிய நண்பன் ஒருவன் கூப்பிட்டு இந்த அணியில் சேர்ந்தவன். செவன் கிங்ஸில் இருந்த அவர்கள் வீட்டில் யாருக்கும் அந்த விளையாட்டின் பெயர்கூடத் தெரியாது. முதல் வருடம் இரண்டாம் அணியில் கிடந்தான். அடுத்த வருடம் நடுக்களத்துக்கே வந்துவிட்டான். நடுவர் பந்தை நிலத்தில் குத்தி எழுப்பினால், கும்பலுக்குள் புகுந்து அதை அள்ளிக்கொண்டு வருகிறவன் அவன்தான். பிரிட்டன் அணிக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள் என்ற பேச்சு அடிபட்டதும் அம்மா சொந்தக்காரருக்கெல்லாம் ஃபோன் போட்டுச் சொல்லிவிட்டார். அப்படியிருக்க, இந்த சீசன் தொடங்கியதும் கணேஸ்வரன் அவனை நடுவிலிருந்து எடுத்து, எல்லைக் கோட்டோரமாக ஓடுகிற 'விங்' இடத்தில் போட்டுவிட்டார்.

"நடுவிலை நிக்கிறது முழுக்க வெள்ளைக்காரர். என்ரை தம்பி மட்டும் ஓரத்திலை. பாக்கிற ஆக்களுக்கு விளங்காது எண்டு நினைச்சியளோ?"

கணேஸ்வரன் மைதானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "விங்கும் நடுக்கள ஆட்டம்தான்மா. தேர்வாளருங்க..."

"ஒரு வெள்ளைக்காரன் இதைச் செய்திருந்தால் நான் வந்திருக்கவே மாட்டன். துவேசம் பிடிச்சவன் எண்டு சொல்லிப்போட்டு விட்டிருப்பன். நீங்கள் தமிழாளாய் இருந்துகொண்டு, அவங்களிட்டை நல்ல பேர் வாங்க எங்கடை பிள்ளையைப் பலி குடுக்கிறியள்."

அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் கண் மைதானத்திலேயே இருந்தது. அது ரஜனிக்கு இன்னும் எரிச்சலை மூட்டியது.

"சரி, ஓரத்திலை விட்டியள். ஒரு ஓரத்திலையாவது நிம்மதியாய் நிக்க விடுறியளோ? ஒவ்வொரு இடைவேளை முடியவும் இந்தக் கரையிலையிருந்து அந்தக் கரைக்கு ஓடச் சொல்லிக் கலைக்கிறியள். மற்ற ஆக்கள் ஒருத்தரும் அப்பிடிக் கரை மாறேல்லை. அவனைக் கேட்டால் வாய் திறக்கிறானில்லை. அவன் பொறுத்துக்கொண்டு இருப்பான். என்னாலை ஏலாது."

சங்கு ஊதியது. முதல் பகுதி முடிந்து ஆட்டக்காரர்கள் வேர்க்க விறுவிறுக்க வந்து தண்ணீர்ப் போத்தல்களை எடுத்தார்கள். பிரதாபன் கூட்டத்தின் ஒரு முனையில், இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

கணேஸ்வரன் முதல் தடவையாக அவளைப் பார்த்தார். "எல்லாத்துக்கும் பதில் சொல்றேன்மா. அதுக்கு முன்னாடி ஒண்ணு செய்ங்க. அவனுக்கு இடப்பக்கமாப் போய் நின்னு, பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க."

"இதென்ன பகிடியோ?"

"கூப்பிட்டுப் பாருங்க."

ரஜனி விறுவிறுவென்று போனாள். தம்பிக்கு இடப்பக்கமாக, சற்றுத் தள்ளி நின்றாள்.

"பிரதாபன்."

அவன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"பிரதாபன்." இம்முறை கோபமாகவே கத்தினாள்.

அவன் போத்தலை இறக்கினான். சட்டென்று வலப்பக்கம் திரும்பினான். அங்கே அவன் அணிக்காரர்கள்தான் நின்றார்கள். அவர்களுக்கு அப்பால் எட்டிப் பார்த்தான். இன்னும் வலப்பக்கமாகத் திரும்பி, மரங்களுக்கு இடையில் தேடினான். அக்கா தனக்கு இந்தப் பக்கம் நிற்பது அவனுக்குத் தெரியவில்லை.

ரஜனிக்கு மூன்றாம் தடவை கூப்பிட வாய் வரவில்லை.

யாழ்ப்பாணத்தில், பக்கத்து வீட்டு வளவில் ஷெல் விழுந்த நாள் நினைவுக்கு வந்தது. சின்னப் பிள்ளையாக வாசலில் நின்ற தம்பியை அவள்தான் உள்ளே இழுத்துக்கொண்டு ஓடினாள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை என்று எல்லாரும் அவனைத் தூக்கி வைத்துக் கொஞ்சினார்கள். அதற்குப் பிறகு எத்தனை தடவை, "சொல்லுறது கேளாத மாதிரி நடிக்காதை" என்று அவள் அவனை ஏசியிருப்பாள்.

பின்னால் கணேஸ்வரன் வந்து நின்றது தெரிந்தது.

"அவனுக்கு இடது காது கேக்காதும்மா," என்றார் தணிந்த குரலில். "அவனும் சொல்லல. நானும் கேட்டுக்கல. நடுவுல நின்னா நாலா பக்கமும் குரல் வரும், நாலா பக்கமும் ஆள் வந்து மோதுவான். போன சீசன்ல அவன் விலா எலும்பு விரிசல் விட்டுச்சே, அது இடப்பக்கமா வந்தவன் மோதினது. 'பின்னால ஆளு'ன்னு நாங்க எல்லாருமே கத்தினோம். அவன் வலப்பக்கம் திரும்பிப் பாத்தான்."

ரஜனி தம்பியின் இடது காதையே பார்த்தாள்.

"விங்குக்கு வந்த பிறகு அவனைப் பிடிக்க ஆள் இல்ல. பிரிட்டன் அணிக்கும் அந்த இடத்துக்குத்தான் கேட்டிருக்காங்க. இன்னைக்கு ஆட்டம் முடிஞ்சதும் அவன்கிட்ட சொல்லணும்."

மறுபடியும் சங்கு ஊதியது. பிரதாபன் போத்தலைப் போட்டுவிட்டு, யாரும் சொல்லாமலே மைதானத்தைக் குறுக்காகக் கடந்து எதிர்க் கரைக்கு ஓடினான்.

"ஒவ்வொரு இடைவேளைக்கும் அணிங்க திசை மாறும். அதான் அவனுக்குக் கரையையும் மாத்துறேன்," என்றார் கணேஸ்வரன். "எந்தப் பக்கத்துக் கோலைப் பாத்து ஓடினாலும் அவனுக்கு இடப்பக்கம் வெறும் கோடு மட்டும்தான் இருக்கணும். கூப்பிடுறவங்க அத்தனை பேரும் வலப்பக்கம்."