சைலன்ஸ் பிளீஸ்

"இடது பக்கம் திருப்புடா ஆலன்! பேகா, பேகா! சீக்கிரம்!"

"திருப்பிட்டேன்டி. நாம போறதுக்கு முன்னாடியே அவன் அங்க வந்து நிக்கிறான்!"

விஜயநகர் வீட்டு ஹாலில் அண்ணனும் தங்கையும் மடியில் ஆளுக்கொரு லேப்டாப்போடு கத்திக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம். காலைப் பூசைக்குப் போட்டுப்போன சட்டையை ஆலன் இன்னும் மாற்றவில்லை.

அப்பா சகாயநாதன் பேப்பரை மடக்கிவிட்டு லிசாவின் திரையை எட்டிப் பார்த்தார். "எங்கம்மா கப்பல்? வெறும் எழுத்துதான் ஓடுது."

"அதான் டாடி கேம். திரும்புன்னு டைப் பண்ணா திரும்பும். சுடுன்னு டைப் பண்ணா சுடும். மத்ததெல்லாம் நம்ம தலைக்குள்ளதான் நடக்கும்."

"உங்க தலைக்குள்ள அவ்வளவு எடமிருக்கா? சரி, மெதுவா பேசுங்க. நைட் டூட்டி முடிச்சுட்டு வந்து அம்மா படுத்திருக்கா."

அம்மா மோலி ஆஸ்பத்திரியில் நர்ஸ். பெட்ரூம் கதவு சாத்தியிருந்தது. ஆனால் மெதுவாகப் பேசுகிற நிலைமையில் பிள்ளைகள் இல்லை.

படமே இல்லாத அந்த விண்வெளிச் சண்டையில் மூன்று வருடமாக அவர்கள் ஓட்டிவரும் கப்பலின் பெயர் பாலாறு. லிசா கேப்டன். ஆலன் பைலட். பீரங்கி மட்டும் லிசாவின் காலேஜ் ஜூனியர் தோழி தமிழ்ப்ரியாவிடம். அவள் ஹனூரில் தன் வீட்டிலிருந்தே சுடுவாள். இன்று இறுதிப் போட்டி. தோற்றால் பாலாறு கைவிட்டுப் போய்விடும். அது மட்டுமில்லை. தோற்றவர்கள் ஒரு மாதம் ஜெயித்தவரிடம் ஊழியம் பார்க்க வேண்டும். அவர் போடும் முதல் உத்தரவை மறுபேச்சில்லாமல் செய்தே ஆகவேண்டும்.

கப்பலுக்குள் அனுப்பும் செய்தி எதிரியின் திரையிலும் தெரியும் என்பது ஆட்டத்தின் விதி. லிசா அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். தமிழில் யோசித்து, கன்னட எழுத்தில் டைப் செய்வாள். கன்னடக்காரர்கள் படித்துவிடுவார்கள், புரியாது. தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் புரியும், படிக்க வராது. இது ஒன்றும் பெரிய கண்டுபிடிப்பில்லை. பிள்ளைகள் படித்தது கன்னடப் பள்ளிக்கூடம் என்பதால், அந்த வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டுகிற சீட்டே அப்படித்தான் இருக்கும். 'குக்கர் மூணு விசில் போதும்' என்று தமிழில், கன்னட எழுத்தில்.

மூன்று வருடமாக உலகத்தில் ஒருவராலும் உடைக்க முடியாத ரகசியம் அது. இன்று மட்டும் என்னவோ ஆகிவிட்டது.

எதிரியின் பெயர் 'சைலன்ஸ் பிளீஸ்'. ஆட்டத்துக்கு வந்து நான்கே மாதம். எந்த ஊர், எந்த நாடு, ஒன்றும் தெரியாது. ஒரு வார்த்தை பேசாது. மூன்று முறை சுடும், நிறுத்தும். மறுபடி மூன்று.

'பாறைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கோ' என்று லிசா டைப் செய்தாள்.

'பாறைக்குப் பின்னால் எதிரிக் கப்பல் காத்திருக்கிறது' என்றது ஆட்டம். தொடர்ந்து மூன்று குண்டுகள். பாலாற்றின் கவசத்தில் பாதி காலி.

"கோடு லீக் ஆயிடுச்சு," என்றான் ஆலன். "உன் ஃபிரெண்டுதான். அவ அண்ணன் மனோஜ்குமார்கிட்ட சொல்லியிருப்பா."

லிசா உடனே போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"நான் எதுக்குங்க்கா சொல்லப் போறேன்?" தமிழ்ப்ரியாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்கண்ணன் காலையிலேயே காட்டுக்குத் தண்ணி கட்டப் போயிட்டானுங்க. அவனுக்கு இந்தக் கருமமெல்லாம் தெரியாது."

லிசாவின் கண்கள் மின்னின. "அப்போ ஒரு டெஸ்ட் பண்ணலாம். நான் வலதுன்னு டைப் பண்றேன். ஆலன், நீ இடது பக்கம் போ. அவன் வலது பக்கம் ஓடுவான். ப்ரியா, பின்னாலேயிருந்து நீ அடி!"

"சூப்பருங்க்கா!"

லிசா வலது என்று டைப் செய்தாள். ஆலன் இடது பக்கம் பாய்ந்தான்.

எதிரி இடது பக்கம்தான் நின்றது.

ஒன்று. இரண்டு. மூன்று.

'பாலாறு வீழ்ந்தது' என்று ஒரே ஒரு வரி வந்தது.

வெளியே எங்கோ இடி உறுமியது. அதைக் கவனிக்கிற மனநிலையில் யாரும் இல்லை. அப்பா மறுபடி விரித்து முகத்தை மறைத்திருந்த பேப்பர் மட்டும் லேசாகக் குலுங்கிக்கொண்டிருந்தது.

"ஹோய்து டாடி, எல்லாம் போச்சு," என்றாள் லிசா. "மூணு வருஷம்!"

"மெதுவா பேசுங்கன்னு அப்பவே சொன்னேன்ல?" என்றார் அப்பா, பேப்பரை முகத்திலிருந்து இறக்காமல்.

"எப்படிடி?" ஆலன் தலையில் கை வைத்துக்கொண்டான். "டைப் பண்ணாததுகூட அவனுக்கு எப்படித் தெரிஞ்சது? ஆனா ஒண்ணு. யாரா இருந்தாலும் சரி, இப்படி ஒரு கேப்டன்கிட்ட வேலை பார்க்கக் கொடுத்து வைக்கணும்."

லிசாவுக்கும் அழுகையை மீறிச் சிரிப்பு வந்தது. உண்மைதான். இத்தனை அழகாக அவர்களை யாரும் அடித்ததில்லை.

திரை மறுபடி மினுங்கியது. நான்கு மாதத்தில் முதல் முறையாக 'சைலன்ஸ் பிளீஸ்' வாயைத் திறந்தது. எழுத்து கன்னடம். லிசா வாய்விட்டுப் படித்தாள். வந்தது தமிழ்.

"முதல் உத்தரவு. மழை வருது. ரெண்டு பேரும் மாடிக்கு ஓடிப்போய் துணிய எடுங்க. என் யூனிஃபார்ம் முதல்ல."

இருவரும் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருக்க, சாத்தியிருந்த பெட்ரூம் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"கேப்டன் சொன்னது காதுல விழலையா?"