ஐந்தாவது கையெழுத்து

கைதிகளின் விடுதலை மனுக்களைப் பரிசீலிக்கும் குழுவில் ஐந்து அதிகாரிகள். ஐவரின் மின்கையெழுத்து அட்டைகளும், ரகசிய எண்களோடு, கணினி இயக்குபவரான சேவியரின் மேசையில்தான் கிடந்தன. ஐந்து கார்டு ரீடர்களில் அவற்றைச் செருகி, தானாகக் கையெழுத்திடும் ஸ்கிரிப்ட்டைக் கணினியில் ஓடவிட்டால் போதும். அன்றைய நாற்பத்து மூன்று நிராகரிப்பு உத்தரவுகளிலும் யாரும் படிக்காமலே கையெழுத்து விழுந்துவிடும். முப்பத்தொன்றாவது உத்தரவில் நான்கு கையெழுத்து விழுந்ததும் ஐந்தாவது ரீடர் மக்கர் செய்தது. சேவியர் டீ குடித்துவிட்டு வந்து, அட்டையை உருவிச் சட்டையில் துடைத்து, மறுபடி செருகினார்.

அந்த முப்பத்தொன்றாவது உத்தரவோடு மறுநாள் மாடத்தி வந்தாள். மகன் உள்ளே போய்ப் பதினாறு வருடம். கையெழுத்துகளுக்குக் கீழே அச்சாகியிருந்த நேரங்களை விரலால் தொட்டுக் காட்டினாள்.

“நாலு பேரு ஒரே நிமிசத்துல போட்டுட்டாவ. இந்த அஞ்சாவது ஐயா மட்டும் இருவது நிமிசம் கழிச்சுல்லா போட்டிருக்காவ. மனசு கேக்கல போலிருக்கு. அவியள ஒருக்கா பாக்கணும் சார்.”

“பாக்க முடியாதும்மா.”

“சரி. அந்த இருவது நிமிசமும் எம்புள்ளயத்தான நெனச்சிருப்பாவ?”

“ஆமாம்மா,” என்றார் சேவியர்.

அன்று மாலை ஐந்தாவதற்குப் பதிலாகப் புது ரீடர் வந்து சேர்ந்தது. அவர் பெட்டியைப் பிரிக்காமலே அலமாரிக்குள் தள்ளினார்.