பிடி

சவுரிராயன் நடுக்கோட்டைத் தாண்டியதும் எதிர்ப்பக்கம் பின்வாங்கியது.

ஆட்டம் தொடங்கியதிலிருந்து இதுதான் நடந்தது.

"சடுகுடு சடுகுடு" என்று அவன் பாடிக்கொண்டு போவான். அவன் கை மேலே படுவதற்குள் விழுப்புரம் சங்கத்து ஆட்கள் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே கால் வைத்துவிடுவார்கள். கோட்டைத் தாண்டியவன் அவுட். அவுட்டானாலும் பரவாயில்லை, அவனைத் தொட வேண்டியதில்லை.

திண்டிவனம் சடுகுடு சங்கம் தொடங்கி எட்டு வருஷமாகிறது. சேரியிலிருந்து அதில் சேர்ந்த முதல் ஆள் அவன். அவனைச் சேர்த்ததற்காகவே நான்கு பேர் சங்கத்தை விட்டுப் போனார்கள். போனால் போகட்டும் என்று தலைவர் பெரியதம்பி சொல்லிவிட்டார். அந்த வார்த்தைக்காக சவுரிராயன் அவருக்கு உயிரையே கொடுப்பான்.

இன்று மத்தியானம், ஆட்டத்துக்குச் சற்று முன்னால், பெரியதம்பி அவன் பக்கத்தில் வந்து நின்றார்.

"உன்ன எவனும் புடிக்க மாட்டான்டா. நீ சும்மா போய்க்கினு வந்தாலே போதும். கோப்பை நம்மளுது."

தன்னை எதற்குச் சேர்த்தார்கள் என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

ஐந்து மாதம் ஏரிக்கரையில் ஓடியதற்கும், தண்ணீருக்குள் மூச்சடக்கிப் பழகியதற்கும் இங்கே வேலையே இல்லை. மற்றவர்களெல்லாம் முழங்கால் சிராய்ந்து, உதடு கிழிந்து நின்றார்கள். அவன் உடம்பில் ஒரு கீறல் இல்லை.

அவன் எடுத்ததையெல்லாம் மற்றவர்கள் பிடிபட்டு விட்டிருந்தார்கள்; இரண்டு பக்கமும் சமம். இதுதான் கடைசி முறை.

எதிரே மிச்சமிருந்தவன் கோதண்டபாணி ஒருவன்தான். விழுப்புரம் சங்கத் தலைவரின் மகன்.

பின்கோட்டில் குதிகாலைப் பதித்து நின்றான். இன்னும் அரையடி நகர்ந்தால் வெளியே.

"வெளிய வந்துடுடா!" கூட்டத்திலிருந்து அவன் அப்பா கத்தினார். "தோத்தா தோத்துட்டுப் போறோம், வந்துடு!"

சவுரிராயன் கையை வீசினான்.

கோதண்டபாணி வெளியே போகவில்லை. கீழே பாய்ந்தான்.

இரண்டு கைகளும் சவுரிராயனின் கணுக்காலை வளைத்துக்கொண்டன. இருவரும் புழுதியில் விழுந்தார்கள். சவுரிராயன் திமிறினான், உதைத்தான், மண்ணைக் கீறி நடுக்கோட்டை நோக்கித் தன்னை இழுத்தான். நெஞ்சு எரிந்தது. விரலுக்கும் கோட்டுக்கும் ஒரு சாண்தான் இருந்தது.

மூச்சு அறுந்தது.

விசில் ஒலித்தது. ஒருவரும் கை தட்டவில்லை.

கோதண்டபாணியின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மைதானத்துக்குள் வந்தார். நடுவர் ரயில்வே குமாஸ்தா, வெளியூர்க்காரர்.

"எங்க புள்ள அவன தொடவே இல்லீங்க. அவனா கால் தடுக்கி வுழுந்தான். கோப்பைய திண்டிவனத்துக்கே குடுத்துடுங்க."

"ஆமாங்க," என்றார் பெரியதம்பி உடனே. "நானும் பாத்தேன். அவனாத்தான் வுழுந்தான்."

அன்று இரண்டு தலைவர்களும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

சவுரிராயன் குப்புறக் கிடந்தான். வாயெல்லாம் மண். தோற்றிருக்க வேண்டுமே என்று மாதாவை வேண்டிக்கொண்டான்.

நடுவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கோதண்டபாணியிடம் திரும்பினார்.

"நீ சொல்லுப்பா. புடிச்சியா, இல்லையா?"

கோதண்டபாணிக்கு மூச்சு இரைத்தது. அப்பாவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். அவர் கண்ணாலேயே வேண்டாம் என்றார்.

"புடிச்சேங்க சார். இதோ, இன்னும் வுடலியே."

நடுவர் குனிந்து பார்த்தார். விழுப்புரம் பக்கம் கையை உயர்த்தினார்.