அடுப்படியில் இருந்த பாஸ்வேர்டுகள்

அவள் மிக்ஸியை நிறுத்தினாள். அவர் கூப்பிட்டது போலிருந்தது.

கூப்பிடவில்லை.

முன்னறையில் அவள் கணவர் லேப்டாப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளாக இதே கூத்துதான்.

சிங்காநல்லூர்ப் பட்டறைக்காரர்களில் பாதிப் பேருக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் போட்டுக் கொடுப்பவர் அவர். ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு பாஸ்வேர்ட். வீட்டுக்கு பேங்க், கேஸ், கரண்ட் என்று தனி. ஒன்றும் அவர் தலையில் நிற்காது.

எல்லாம் அவள் தலையில் நின்றது.

"நாயகீ! மயில்சாமி லேத்து?" என்று அங்கிருந்து குரல் வரும். தாளித்துக்கொண்டே இவள் எழுத்தெழுத்தாகச் சொல்வாள். பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். இருவருக்குமே அதைப் பற்றிக் கவலை இல்லை.

செல்வநாயகி என்ற பெயரை நாயகீ என்று இழுப்பவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். சாப்பிடலாமா, படுக்கலாமா என்பது போக, அந்த வீட்டில் அவ்வளவுதான் பேச்சு. அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆடிட்டர்தான் கெடுத்தார். பாஸ்வேர்டை இப்படியா ஊருக்கே ஏலம் போடுவது என்று திட்டி, பாஸ்வேர்ட் மேனேஜர் ஒன்றை லேப்டாப்பில் ஏற்றிவிட்டுப் போனார். எல்லாவற்றையும் அதுவே நினைவில் வைத்துக்கொள்ளுமாம். கேட்கும் இடத்தில் தானே நிரப்புமாம்.

ஒரு சாயங்காலம் முழுக்கக் கணவர் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொன்றாகக் கேட்டு அதில் ஏற்றினார். அவளும் சொன்னாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறோம் என்பது கடைசிப் பாஸ்வேர்டைச் சொல்லும்போதுதான் உறைத்தது.

பொறாமை. வேறென்ன சொல்வது? சக்களத்தி என்றால்கூட ஒரு முகம் இருக்கும், நாலு வார்த்தை திட்டலாம். இதற்குத் திரை மூலையில் ஒரு பூட்டுப் படம் மட்டும்தான்.

நல்லவேளை, பிரவுசர் காப்பாற்றியது.

ஊரெல்லாம் வைத்திருக்கும் பிரவுசரை அவருடைய பழைய லேப்டாப் தாங்காது. அதனால் யாரும் கேள்விப்படாத ஒன்றை வைத்திருந்தார். மேனேஜருக்கு அதை அடையாளம் தெரியவில்லை. முன்பின் தெரியாத பிரவுசருக்குப் பாஸ்வேர்ட் தர முடியாது என்று அடம்பிடித்தது.

அழித்துவிட்டு மறுபடி ஏற்றினார். அணைத்துவிட்டுப் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. மேனேஜரைத் தனியாகத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து ஒட்ட அவருக்குப் பொறுமை ஏது? "நாயகீ!" முன்னைவிட அதிகமாகவே வந்தது.

பேர் தெரியாத அந்த பிரவுசரை அவள் மனதாரக் கும்பிட்டாள்.

நேற்று அவர் கேட்டார். "உன்ற போன்ல தேடிப் பாரு. யாராச்சும் வழி சொல்லியிருப்பாங்க."

தேடினாள். உடனே கிடைத்தது. மேனேஜரின் செட்டிங்கில் போய், இந்த பிரவுசரை நம்பலாம் என்று அதன் பெயரைச் சேர்த்துவிட்டால் போதும். சின்ன வேலை.

"ஒண்ணையுங் காணமுங்க," என்றாள்.

அந்தப் பொய்க்காக அவளுக்குத் தூக்கம் ஒன்றும் கெடவில்லை. நன்றாகவே தூங்கினாள்.

இப்போது முன்னறையில் திடீரென்று கைதட்டல்.

"நாயகீ! ஓடியா!"

ஈரக் கையோடு ஓடினாள். திரையில், பாஸ்வேர்ட் கட்டத்துக்குள் கறுப்புப் புள்ளிகள் தாமாகவே வந்து வரிசையாக உட்கார்ந்தன.

"நானே கண்டுபுடிச்சுட்டேன், பாத்தியா? இனி உன்னையக் கேக்கவே வேண்டியதில்ல புள்ள. எத்தன வருசமா உன்ற உசுர வாங்கியிருப்பேன். இனி நிம்மதியா இரு."

அவர் முகத்தில் அவ்வளவு அன்பு இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"நல்லதாப் போச்சுங்க," என்றாள்.

அடுப்படிக்குத் திரும்பினாள். சாம்பாரை இறக்கினாள். முன்னறையில் ஒரு பட்டறை முடிந்து அடுத்த பட்டறை ஓடிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொண்டது. மறதியும் கிடையாது, சலிப்பும் கிடையாது, தாளிக்கிற வேலையும் கிடையாது அதற்கு.

"குளிச்சுட்டு வந்து கரண்டு பில்லக் கட்டிரலாம்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவர் துண்டை எடுத்துக்கொண்டு போனார்.

குளியலறையில் தண்ணீர் விழத் தொடங்கியது.

அவள் போனை எடுத்தாள். கரண்ட் பில் கட்டும் பக்கத்தைத் திறந்தாள். 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா?' என்று அடியில் சின்ன எழுத்தில் கேட்டிருந்தது. இத்தனை வருடத்தில் அவள் அதைத் தொட்டதே இல்லை.

தொட்டாள்.

ஓ.டி.பி. அவளுடைய எண்ணுக்குத்தான் வந்தது. புதிய பாஸ்வேர்ட் கேட்டது. போட்டாள். உறுதிசெய்யச் சொன்னது. அதையே மறுபடி போட்டாள். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். பட்டனைத் தட்டும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டது. பிறகு கொஞ்சம் வேகமாக. நாற்காலி பின்னால் நகர்ந்தது.

"நாயகீ!"

கேட்டது. நன்றாகவே கேட்டது.

இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று நின்றாள்.