பதினாலு தடவை

இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. அதற்குள் சரியான விளக்கம் தராவிட்டால், மகளின் மருத்துவ இணையதளத்துக்கு வரும் விளம்பரங்கள் நிறுத்தப்படும் என்று விளம்பர நிறுவனம் எழுதியிருந்தது. விளம்பரம் நின்றால் தளத்தை மூட வேண்டியதுதான்.

“அப்பா, அந்த நரம்பு டாக்டர் விளம்பரத்தை ஒரே வாரத்துல பதினாலு தடவை அழுத்தியிருக்காங்க. எல்லாமே நம்ம வீட்டு இணைப்புலேருந்து. நீங்கதானே?”

பேருந்து ஓட்டுநரான அப்பா சீருடைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

“விளம்பரம்னா அழுத்தத்தானே வைக்கிறாங்க? கும்பிடவா வைக்கிறாங்க?”

“விளையாடாதீங்கப்பா. தலைவலி பத்திப் படிச்சா கண்ணாடிக் கடை விளம்பரம் வரும். கை நடுக்கம் பத்திப் படிச்சா இந்த டாக்டர் விளம்பரம் வரும். தேவைப்படுறவங்க கண்ணுல சரியாப் படும்னுதான் ஒவ்வொரு அழுத்தலுக்கும் காசு கொடுத்து என் பக்கத்துல போடுறார். எனக்கு வருமானம் வரட்டும்னு நீங்க அழுத்தினா அவருக்கு நஷ்டம், எனக்குத் திருட்டுப் பட்டம்.”

அப்பா பொத்தானைப் போடாமலே விட்டுவிட்டார்.

“இப்ப நான் என்னன்னு எழுத? எங்கப்பா பாசத்துல அழுத்திட்டார்னா?”

“பாசத்துல அழுத்தலை.” அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். “ஒவ்வொரு தடவையும் டாக்டரைப் பார்க்க நேரம் கேட்கிற இடம் வரைக்கும் போவேன். தெரிஞ்சா வேலை போயிடுமேன்னு பயந்து மூடிடுவேன்.”

“யாருக்கு நேரம் கேட்டீங்க?”

“எனக்குத்தாம்மா. மூணு மாசமா, ஸ்டியரிங்கைப் பிடிச்சா வலது கை நடுங்குது.”