மூக்கு செத்துப்போன பன்னிரண்டாம் நாள்

சிசிலியின் தென்கரையில் மூன்று நாளாக அனல்காற்று அடிக்கிறது. முற்றத்து மேசைவிரிப்பு, நாலு மூலையிலும் கல் வைத்தும் அடங்காமல் படபடக்கிறது. திராட்சைத் தோட்டத்துக்குச் சொந்தக்காரி நுன்சியா ஒரு கல்லை மறுபடி நகர்த்தி வைக்கிறாள். காய்ச்சல் வந்துபோனதிலிருந்து அவளுக்கு எந்த வாசமும் தெரிவதில்லை. அது தம்பி சாரோவுக்கு மட்டும் தெரியும். அவன் சுட்ட மத்தி மீனை வைத்துவிட்டு, ஒயின் வாங்க வந்திருக்கும் பெலிங்கேரியின் முகத்தைப் பார்க்காமல் நிற்கிறான். “மத்திக்கு இந்த கிரில்லோ வெள்ளை ஒயின்தான் சரி,” என்று நுன்சியா ஊற்றுகிறாள். “எலுமிச்சைப்பூ வாசம் வரும் பாருங்க.” போன வருஷம் சொன்ன அதே வார்த்தைகள். பெலிங்கேரி முகர்கிறார், குடிக்காமல் வைக்கிறார், மறுபடி முகர்கிறார். எங்கோ ஒரு ஜன்னல் கதவு அடித்துக்கொள்கிறது. “நீங்களே ஒரு தடவை மோந்து பாருங்களேன்மா,” என்கிறார் அவர். “வேற பாட்டில் கொண்டாரட்டுமாக்கா?” என்று சாரோ குறுக்கே வருகிறான். நுன்சியா கோப்பையை மூக்கருகே கொண்டுபோகிறாள். வைக்கோல் நிறத்தில் வெயில் அதற்குள் நடுங்குகிறது. வெறும் தண்ணீரை முகர்வதுபோல இருக்கிறது. “எனக்கு ஒண்ணும் தெரியலைங்க. பன்னிரண்டு நாளா மூக்கு செத்துக் கிடக்கு,” என்கிறாள். சாரோ கண்ணை மூடிக்கொள்கிறான். பெலிங்கேரி சிரிக்கவில்லை. “ஈரச் சாக்கு வாசம். பாட்டில் தக்கை கெட்டிருக்கு, ஒயின் மேல குத்தமில்ல,” என்று கோப்பையை ஒதுக்கிவிட்டு ஒரு மத்தியைக் கையால் எடுக்கிறார். “அடுத்ததைத் திறங்க. நான் மோந்து சொல்றேன், நீங்க கேட்டுக்குங்க.” நுன்சியா உட்காரவில்லை. தோட்டச் சரிவில் கறுத்துத் தொங்கும் குலைகளையே பார்க்கிறாள். “அதுக்கு முன்னாடி, அந்தக் கறுப்புத் திராட்சையை வாயில போட்டுப் பாத்துச் சொல்றீங்களா? மூக்கில்லாம ருசியும் பிடிபடலை, பறிக்கலாமா வேணாமான்னு எனக்குத் தெரியலை.” பெலிங்கேரி மீனைத் தட்டில் வைத்துவிட்டு, விரல்களைத் துடைத்துக்கொண்டு எழுந்திருக்கிறார்.